ஞானக்கண்ணுக்கு ஒரு ரசிகர்

துறைமுக ஸ்டோர் பகுதியில் இருந்து ஓய்வுபெற்று வந்த அடுத்த திங்கட்கிழமை காலை, ஞானசேகரத்தார் தான் ஊர் ஊராகச் சுற்றப்போவதாக மனைவியிடம் அறிவித்தார். கனகமணி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“ஓம்” என்றாள்.

கலியாணம் முடித்த நாளில் இருந்து கனகமணி எதற்கும் “இல்லை” என்று சொல்லி அவர் கேட்டதில்லை. தான் நினைத்த காரியம் நடந்தும் அவர் பார்த்ததில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

சுற்றுலாவுக்குக் காரணம் இருந்தது. ஓய்வு என்றால் சாய்மனைக் கதிரையும் பேப்பரும் என்றுதான் அவர் எண்ணியிருந்தார். ஆனால் பகல் நேரத்தில் வீட்டில் ஓர் ஆம்பிளை சும்மா இருக்கிறது என்பதைக் கனகமணி முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். சனிக்கிழமை தேங்காய் உரித்தார். ஞாயிற்றுக்கிழமை அலுமாரியை இழுத்து, பின்னால் தூசு தட்டி, திரும்பவும் தள்ளி வைத்தார். முப்பது வருசத்துக்கு மேலாக மற்றவர்களுக்குச் சாமான் எடுத்துக்கொடுக்க உத்தரவு போட்ட மனிதர், இப்போது உத்தரவு வாங்கிச் சாமான் எடுத்துக்கொடுத்தார். இனி வீட்டில் இருந்தால் பிழைக்க ஏலாது என்று அன்றைக்குப் பின்னேரமே முடிவு செய்தார்.

வெறுமனே வெளியே போனால் “எங்கே” என்று கேள்வி வரும். கலைக்காகப் போனால் வராது. அதற்கான வழி கனடாவில் இருந்து வந்திருந்தது. மகளும் மருமகன் மதுசனும், கோயில் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்னப் பெட்டி கொடுத்துவிட்டிருந்தார்கள். உள்ளே கமரா என்றார்கள். ஞானசேகரத்தார் பெட்டியைப் பிரித்து, பஞ்சை எடுத்து, கடதாசியை எடுத்து, கட்டைவிரல் அளவில் கிடந்த ஒரு கட்டியையும் எடுத்து ஒருபக்கம் வைத்துவிட்டு, கமராவைத் தேடினார். அந்தக் கட்டிதான் கமரா என்று தெரியவந்தபோது அதைக் காணவில்லை. அதன் முதுகில் காந்தம் இருந்ததால், கனகமணி பிறிட்ஜ் கதவில் மின்சார பில்லைத் தாங்கிப் பிடிக்க அதை ஒட்டிவிட்டிருந்தாள்.

மதுசன் போனில் பொறுமையாக விளங்கப்படுத்தினான். சேட்டுக்கு உள்ளே ஒரு காந்தத் தகடு, வெளியே கமரா. நெஞ்சில் ஒட்டிக்கொண்டால் நாம் பார்க்கிறதெல்லாம் தானாகவே பதிவாகும். கை இரண்டும் சும்மா இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு மலையில் ஏறுகிறார்களாம், கடலுக்குள் குதிக்கிறார்களாம். ஞானசேகரத்தாருக்குக் குதிக்கும் யோசனை இல்லை. கை சும்மா இருக்கும் என்பது பிடித்திருந்தது. நடந்துகொண்டே கச்சான் சாப்பிடலாம்.

வீடியோக்களை எல்லோரும் பார்க்க இணையத்தில் திறந்த சனலுக்கு ‘ஞானக்கண்’ என்று தானே பெயர் வைத்தார்.

முதல் வீடியோ கோணேசர் கோயில் பாதை. கோட்டை வாசலில் தொடங்கி உச்சி வரைக்கும் நடந்தார். வழியெல்லாம் விளக்கம் சொன்னார். மான்கள் கிட்ட வந்தன. கடல் இரண்டு பக்கமும் நீலமாகக் கிடந்தது. ஒரு கலைஞனுக்குரிய களைப்போடு வீட்டுக்கு வந்து, வீடியோவை ஏற்றி, கனகமணியையும் கூப்பிட்டு இருத்திவைத்துக் காட்டினார்.

வீடியோ முழுவதும் வானமாக இருந்தது.

ஞானசேகரத்தாரின் நெஞ்சு நேராகத்தான் இருந்தது. ஆனால் அது அவருடைய வயிற்றின், அந்தப் பெருத்த வண்டியின், மேல்தான் உட்கார்ந்திருந்தது. வண்டி முன்னுக்குத் தள்ள, சேட்டு மேலே சரிய, கமரா மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்தது. “இதோ பாருங்கள், இயற்கைத் துறைமுகம்” என்று அவருடைய குரல் சொன்ன இடத்தில் ஒரு காகம் போனது. மான் வந்த இடத்தில் கொம்பின் நுனி தெரிந்தது. கோபுரத்தில் கலசம் மட்டும் எட்டிப் பார்த்தது.

கனகமணி கடைசி வரைக்கும் அசையாமல் பார்த்தாள். “வானம் வடிவாயிருக்கு” என்றாள். பிறகு, “மழைக் குணம் இல்லை. உடுப்புத் தோய்க்கலாம்” என்று எழுந்து போனாள்.

கனடாவில் இருந்து மதுசன் போன் எடுத்தான். மரியாதையான பிள்ளை. கொஞ்சம் தயங்கிவிட்டு, “மாமா, நீங்கள் படுத்துக்கொண்டே எடுத்தனீங்கள்?” என்று கேட்டான்.

அடுத்த இரண்டு வீடியோக்களும் வானம்தான். நிலாவெளி வானம் ஒன்று, சந்தை வானம் ஒன்று. ஞானசேகரத்தார் கமராவைக் குறை சொன்னார். கனடாக்காரர்களின் உடம்புக்குச் செய்த சாமான் என்றார். கனகமணி பழைய செருப்பு ஒன்றின் குதிப் பக்கத்தை ஆப்பு மாதிரிச் சீவி, கமராவுக்கும் சேட்டுக்கும் இடையில் மேற்பக்கமாகச் செருகிவிட்டாள். கமரா குனிந்தது. ஊர் தெரிந்தது. அவர் இந்த ஏற்பாட்டைச் சனலில் தன்னுடைய கண்டுபிடிப்பாக அறிவித்தார்.

இந்த இடத்தில் சம்பூர்க் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

கனகமணியின் தம்பி தனஞ்சயன் சம்பூரில் வயல் கமம் செய்கிறவன். யுத்தத்தில் ஊரை விட்டு எழும்பி, முகாமிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் பல வருசம் கிடந்து, திரும்பிப் போய்க் காடாய்க் கிடந்த வளவில் கல்லுக் கல்லாகச் சேர்த்து ஒரு வீடு கட்டினான். குடிபூரலுக்குப் பால்பானையைத் தூக்கிக்கொண்டு முதலில் உள்ளே போனவள் கனகமணி. ஞானசேகரத்தார் அன்றைக்கென்று வாங்கிய பட்டுச் சேட்டுப் போட்டிருந்தார். எல்லோரும் நின்று குடும்பப் படம் எடுத்தார்கள். அல்பம் வந்தபோது, படத்தில் எல்லோரும் இருந்தார்கள். ஞானசேகரத்தாரில் ஒரு முழங்கை இருந்தது.

அவர் கேட்டார். தனஞ்சயன் கள்ளம் இல்லாதவன். படக்காரன் சொன்னதை அப்படியே சொன்னான்: “அத்தான்ர வண்டி படத்துக்குள்ள அடங்கேல்லையாம்.”

அந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று ஞானசேகரத்தார் அன்றைக்குச் சொன்னார். சொல்லி நாலு வருசம் ஆகிவிட்டது. அவர் போகாத இடத்துக்குக் கனகமணி தனியே போய் நின்று நாலு பேருக்கு விளக்கம் சொல்ல விரும்பவில்லை. தம்பியோடு போனில் கதைப்பாள். போனை வைத்துவிட்டு, கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவாள்.

இப்போது தனஞ்சயனின் மகள் சிவானுஜாவுக்குக் கலியாணம் பேசி, ஆவணியில் நாளும் வைத்தாகிவிட்டது. மாமிக்காரி இல்லாமல் மணவறை ஏற மாட்டேன் என்று பெட்டை சொல்லிவிட்டாளாம். கனகமணி ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே விசயத்தை எடுத்தாள். ஞானசேகரத்தார் குழம்பை ஊற்றிப் பிசைந்தபடி, “போறதெண்டால் போம். நான் என்ர முழங்கையை மட்டும் அனுப்பிவிடுறன்” என்றார். அது நல்ல பகிடி என்று அவருக்குப் பட்டது.

“ஓம்” என்றாள் கனகமணி.

அந்தக் கிழமையில்தான் ஞானக்கண்ணுக்கு முதல் ரசிகர் கிடைத்தார்.

அதுவரைக்கும் சனலைப் பார்த்தவர்கள் மதுசனின் சொந்தக்காரர்கள். அவர்களும் மதுசனுக்காகப் பார்த்தவர்கள். ஒருவரும் ஒரு சொல் எழுதியதில்லை. அன்று வீடியோவுக்குக் கீழே ‘கொட்டியாரக் குருவி’ என்ற பெயரில் இப்படி இருந்தது: “வணக்கம் அண்ணை. நான் கொட்டியாரக்குடாப் பக்கத்து ஆள். நகரப் பக்கம் நினைச்ச நேரம் வர ஏலாது. உங்கட கண்ணாலதான் எல்லாத்தையும் பாக்கிறன். உங்களைப்போல விளக்கம் சொல்ல ஆருமில்லை.”

ஞானசேகரத்தார் அதை நின்று வாசித்தார், இருந்து வாசித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். பிறகு கனகமணிக்கும் வாசித்துக் காட்டினார். அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஆரப்பா அது?”

“ஒரு ரசிகர்.”

“ஆம்பிளையோ, பொம்பிளையோ?”

அந்தக் கேள்வி அவருக்கு இனித்தது. தன்னைப் பற்றி வீட்டில் ஒரு சந்தேகம் எழுந்தே எத்தனையோ வருசம் ஆகியிருந்தது. ரசனைக்கு ஆண் பெண் கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். கனகமணி சுளகை ஒருமுறை தட்டிவிட்டு, சரி என்றாள்.

குருவி நல்ல ரசிகர். புகழ்வதோடு நிற்காமல் வழியும் காட்டியது. கோயிலையும் கடற்கரையையும் எல்லோரும் காட்டுகிறார்கள், விடியற்காலை மீன் சந்தையை உங்களைப்போன்ற ஒருவர்தான் காட்ட வேண்டும் என்று எழுதியது. ஞானசேகரத்தார் போனார். போகிறதுதானே போகிறீர்கள் என்று கனகமணி பையைக் கொடுத்துவிட்டாள். நல்ல விளைமீன் கிடைத்தது. அடுத்தது, மிளகாய் அரைக்கிற மில்லுக்குள் என்ன நடக்கிறது என்று இதுவரை ஒருவரும் காட்டவில்லையே என்று குருவி கவலைப்பட்டது. மில்லுக்குள் வெறுங்கையோடு போக ஏலாது. தற்செயலாக அன்றைக்குக் கனகமணி மிளகாய் வறுத்து வைத்திருந்தாள். அந்த வீடியோவில் ஞானசேகரத்தார் தொடக்கத்தில் “வணக்கம்” என்றார். மிச்சம் முழுவதும் தும்மல். குருவி அதையும் ரசித்து, உண்மைத்தன்மை இருக்கிறது என்று எழுதியது.

பிறகு ஒருநாள், ஊரைக் கூரையில் இருந்து காட்டினால் என்ன என்று கேட்டது. “உங்கட வீட்டுக் கூரையில ஏறினால் துறைமுகம் தெரியுமெல்லே அண்ணை. மாரிக்கு முதல் எப்பிடியும் மழைத்தண்ணிப் பீலி துப்புரவாக்க வேணும். ஏறுறதோட ஏறி அதையும் ஒருக்காக் காட்டிவிடுங்கோ.”

தன் வீட்டைக் கண்ணால் காணாத ஒருவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று ஞானக்கண் கேட்கவில்லை. ஊகித்திருப்பார், ரசனையுள்ள மனிதர் என்று எண்ணிக்கொண்டது. ஏணியைக் கனகமணி பிடித்தாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் பலாமரத்துக்கும் நடுவில் துறைமுகம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. உலகத்தின் மிகப்பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சொல்லிச் சொல்லி, பீலியில் அடைந்திருந்த சருகை எல்லாம் அள்ளிக் கீழே போட்டார். கனகமணி கூட்டி எரித்தாள்.

இப்படி ஒரு நட்பு வளர்ந்தால், மனிதன் மனதைத் திறக்காமல் இருப்பானா? ஞானசேகரத்தார் பதில் எழுதத் தொடங்கினார். முதலில் நன்றி எழுதினார். பிறகு வாழ்க்கையை எழுதினார். தனக்கு ஒரு மச்சான் இருக்கிறான், மனிதரை முழுசாகப் படம் எடுக்கத் தெரியாதவன் என்று எழுதினார். அப்படியும் சிலர் இருக்கினம் அண்ணை, ஆனால் உள்ளுக்குள் பாசம் இருக்கும் என்று குருவி எழுதியது. தன் மனிசியைப் பற்றியும் எழுதினார். நல்ல மனிசி. நல்லாய்ச் சமைப்பா. ஆனால் உலகம் தெரியாது, சூதுவாது விளங்காது, சொன்னதுக்கெல்லாம் ஓம் சொல்லிக்கொண்டிருப்பா.

“அப்பிடி ஒரு மனிசி கிடைக்க நீங்கள் குடுத்துவைச்சிருக்க வேணும் அண்ணை” என்று பதில் வந்தது. ஞானசேகரத்தாருக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. ஆனால் ரசிகர்கள் மிகையாகத்தான் பேசுவார்கள்.

ஆவணி பிறக்கப்போகிற நேரம் குருவி அழைத்தது. “அண்ணை, ஒருக்காச் சம்பூருக்கு வாங்கோ. இஞ்சத்தை வயலையும் கடலையும் ஆரும் வந்து ஒழுங்காக் காட்டினதில்லை. வாற சனிக்கிழமை, கடற்கரைக்குத் திரும்புற சந்தித் தேத்தண்ணிக் கடையில காத்திருக்கிறன். நேரில பாக்க ஆசை.”

சம்பூர் என்ற சொல்லைப் படித்ததும் ஞானசேகரத்தார் போனைக் கவிழ்த்து வைத்தார். சொன்ன சொல் ஒரு பக்கம், ரசிகர் ஒரு பக்கம். இரண்டு நாள் இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். கடைசியில் கனகமணியிடமே கேட்டார்.

“நான் அங்கால போறேல்லை எண்டு சொன்ன சொல் ஒண்டு இருக்கு. என்ன செய்யிறது?”

கனகமணி கொஞ்சம் யோசித்தாள். “நீங்கள் சொன்னது அவன்ர வீட்டு வாசல் மிதிக்கிறேல்லை எண்டு. சம்பூர் முழுக்க அவன்ர வீடே?”

உலகம் தெரியாதவள் வாயில் இருந்து சில நேரம் நியாயம் வரும் என்று ஞானசேகரத்தார் வியந்தார்.

தனியாகப் போவதென்றுதான் அவருடைய திட்டம். தனியாளாக நின்று கதைத்தால் வீடியோவில் பார்க்கப் பாவமாக இருக்கும் என்றாள் கனகமணி. அதுவும் சரியாகத்தான் பட்டது. சனிக்கிழமை காலை மோட்டச்சைக்கிளை வெளியே எடுத்தபோது, அவள் நல்ல சேலை கட்டி ஒரு பெரிய பையோடு நின்றாள். பையைப் பற்றிக் கேட்டார். வழிக்குச் சாப்பாடு என்றாள். கொழும்புக்குப் போய்த் திரும்பக் காணும்போல இருந்தது. பின்சீட்டில் தூக்கி வைத்தபோது உள்ளே இரும்புச் சத்தம் கேட்டது.

கிண்ணியாப் பாலத்தில் காற்று அடித்தது. ஞானசேகரத்தார் ஓட்டிக்கொண்டே விளக்கம் சொன்னார். பிறகு போட்டுப் பார்த்தபோது அதில் காற்றுச் சத்தமும், நடுநடுவே “மெல்லப் போங்கோ” என்ற கனகமணியின் குரலும்தான் இருந்தன. மூதூரில் ஒரு கடையில் நிறுத்திச் சோடா குடித்தார்கள். கட்டைபறிச்சான் ஊரைத் தாண்டியதும் கனகமணி அவருடைய தோளைப் பிடித்து நிமிர்ந்து இருந்தாள். கண்ணாடியில் பார்த்தார். அவள் எட்டி எட்டி வேலிகளையும் வளவுகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சந்தியில் தேத்தண்ணிக் கடை இருந்தது. வெளி வாங்கில் ஓர் ஆள்தான். கட்டம்போட்ட சாரம், தோளில் துவாய். தனஞ்சயன்.

ஞானசேகரத்தார் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடி நின்றார். மறு காலை இறக்குவதா, மோட்டச்சைக்கிளைத் திருப்புவதா என்று அவருக்குத் தெரியவில்லை. தனஞ்சயன் எழுந்து, துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கிட்ட வந்தான்.

“வாங்கோ அத்தான். எத்தினை நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நம்முடைய பாசையில் இது ஒரு சங்கடம். வழிமேல் கண் வைத்துக் காத்திருப்பவனும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான். வீடியோவைப் போட்டுக்கொண்டு இருப்பவனும் அதைத்தான் சொல்கிறான். தனஞ்சயன் முதலாவதைச் சொன்னான். ஞானசேகரத்தார் இரண்டாவதைக் கேட்டார்.

“நீயே அது?” என்றார்.

“ஓம் அத்தான், நான்தான்” என்றான் தனஞ்சயன். அவன்தானே நின்றான்.

“எல்லாத்தையும் பாத்தனியோ? ஒண்டும் விடாமல்?”

தனஞ்சயன் தமக்கையின் முகத்தைப் பார்த்தான். கனகமணி கடையின் கேத்தலைப் பார்த்தபடி மெல்லத் தலையை ஆட்டினாள்.

“ஓம் அத்தான்.”

“எது நல்லாப் பிடிச்சது?”

அவன் யோசித்தான். பொய் வராத வாய். “நீங்கள் வந்ததுதான் அத்தான்.”

தன் குரல் வந்த இடங்களைத்தான் சொல்கிறான் என்று ஞானசேகரத்தார் எடுத்துக்கொண்டார். நாலு வருசக் கோபம் அந்த இடத்திலேயே கரைந்தது. இந்த மனிதன் வயலில் நின்று களைத்து வந்து, தன் வீடியோ ஒவ்வொன்றையும் பார்த்து, வெட்கத்தில் சொந்தப் பெயரை மறைத்து, குருவி என்று வைத்து எழுதியிருக்கிறான். மச்சானைப் பற்றி மச்சானிடமே குறை சொன்னதும், அதை அவன் பொறுமையாக வாங்கிக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. அவனைக் கட்டிப்பிடித்தார். நெஞ்சில் இருந்த கமரா தனஞ்சயனின் பெனியனைக் கிட்டத்தில் படம் எடுத்தது.

அந்தப் படம் பிழைதான் அத்தான் என்று தனஞ்சயன் மெல்லச் சொன்னான். கலியாணத்தில் நடுவில் நிற்பது நீங்கள்தான், நானே படக்காரனுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன் என்றான்.

“அதை விடு. சந்தியில வைச்சே அனுப்பப் போறாய்? வீட்டுக்கு வரச் சொல்ல மாட்டியோ?”

தனஞ்சயன் வாய் திறக்க முதல் கனகமணி குறுக்கே வந்தாள். “வேண்டாமப்பா. நீங்கள் சொன்ன சொல் என்னத்துக்கு ஆகிறது? தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்.”

ஞானசேகரத்தாருக்குக் கோபம் வந்தது. “சொல்லே பெரிசு? சொந்தச் சகோதரத்தின்ர வீடு. உமக்கு மனமெண்டு ஒண்டு இல்லையே?” என்று அவளைக் கண்டித்து, கையைப் பிடிக்காத குறையாக மோட்டச்சைக்கிளில் ஏற்றி, தானே முன்னுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வாசலை இரண்டு காலாலும் மிதித்தார்.

வளவில் பலகாரச் சூடு நடந்துகொண்டிருந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். மூன்று கல் அடுப்பில் பெரிய தாச்சியும் எண்ணெயும் இருந்தன. அடுப்பு மட்டும் மூட்டியிருக்கவில்லை. ஓர் அம்மா திரும்பிப் பார்த்து, “அக்கா வந்திட்டா, இனி மூட்டுங்கோ” என்றாள். கனகமணி பையைத் திறந்தாள். உள்ளே இருந்து அவளுடைய நீளக்காம்பு அகப்பையும், முறுக்கு உரலும், மா அரிக்கிற அரிதட்டும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கடைசியாகச் சாப்பாட்டுப் பார்சல் ஒன்றும் வந்தது. அது சின்னது.

ஞானசேகரத்தார் இதையெல்லாம் பார்த்தார். ஆனால் அன்று அவர் ரசிகரின் வீட்டில் இருந்தார். சிவானுஜா ஓடிவந்து காலில் விழுந்து எழும்பி, மாமா இருங்கோ என்று ஒரு திருவலையைக் கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்தார். பக்கத்தில் தேங்காய்ப் பாதிகள் குவியலாக இருந்தன. திருவத் திருவத் தனஞ்சயனிடம் கலையைப் பற்றிப் பேசினார். மில் வீடியோவில் தும்மலை வெட்டியிருக்க வேண்டுமோ என்று கேட்டார். தனஞ்சயன் எதற்கும் ஓம் அத்தான் என்றான். அக்காவைப்போலத் தம்பி என்று ஞானசேகரத்தார் எண்ணினார்.

ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது, கனகமணி மாப் பூசிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பி சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கேட்டு எவ்வளவோ காலம். கமரா குனிந்து தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அது பதிவாகவில்லை. ஆப்பைக் கழற்றிவிடலாமோ என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் இன்னும் நாலு தேங்காய் உடைத்து வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரம் பலகாரப் பொதியோடு திரும்பினார்கள். கிண்ணியாப் பாலத்தில் வெயில் தணிந்து தண்ணீர் செம்பாகக் கிடந்தது. ஞானசேகரத்தார் சூரியனைப் படம் எடுக்க நிறுத்தினார். தோள் இரண்டும் வலித்தன. மனம் நிறைந்திருந்தது.

“உம்மட தம்பியைக் குறைவா எண்ணிப்போட்டன்” என்றார். “எவ்வளவு வடிவா எழுதுறான். ஒவ்வொரு வீடியோவுக்கும், இரவிரவா இருந்து.”

கனகமணி பாலத்துக் கம்பியில் கையை ஊன்றியபடி கீழே போன தோணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவனிட்ட இருக்கிறது பட்டன் போன்” என்றாள்.

தோணி பாலத்துக்குக் கீழே போய் மறுபக்கத்தால் வெளியே வந்தது. ஞானசேகரத்தார் மீன் சந்தையை நினைத்தார். வறுத்து வைத்திருந்த மிளகாயை நினைத்தார். ஏணியை நினைத்தார். உலகம் தெரியாது, சூதுவாது விளங்காது என்று தன் கையால் எழுதியதை நினைத்தபோது, பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப குருவி…” என்று தொடங்கினார்.

“வெளிச்சம் போகுதப்பா” என்றாள் கனகமணி. “எடுக்கிறதெண்டால் கெதியா எடுங்கோ.”

எடுத்தார். வீட்டுக்கு வரும்வரைக்கும் அவள் பின்னால் இருந்து ஏதோ பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டு வந்தது காற்றுக்குள் கேட்டது.

சனலை மூடிவிடுவதென்று ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தார். மானம் உள்ள மனிதன் செய்ய வேண்டியது அதுதான். போனைத் திறந்தார். முதல்நாள் இரவு பழக்கத்தில் ஏற்றிவிட்டிருந்த சம்பூர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தது: “அண்ணை, தேங்காய் திருவின விதம் அருமை. அடுத்தமுறை கிணறு இறைக்கிறதைக் காட்டினால் நல்லாயிருக்கும். தண்ணி வத்தின நேரம் இதுதான்.”

குசினிப் பக்கம் பார்த்தார். கனகமணி அவருக்கு முதுகைக் காட்டியபடி அடுப்படியில் நின்றாள். அவளுடைய போன் அம்மிக்குப் பக்கத்தில் இன்னும் வெளிச்சத்தோடு கிடந்தது. மற்ற வீடியோக்களுக்கு வேறு யாராவது ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

ஞானசேகரத்தார் “கட்டாயம்” என்று பதில் எழுதி, கமராவைச் சார்ஜில் போட்டுவிட்டு, வாளிக்குக் கயிறு தேடப் போனார்.